அங்கவடி முத்திரை

விடியுமுன்பே கனேடியன் என்ற ஆற்றின் கரையில் தீ மூட்டியாகிவிட்டது. கன்றுகளுக்கு முத்திரை போடும் சூட்டுக்கோல் சிவக்க நேரமெடுக்கும். எலிசியோ குந்தி உட்கார்ந்து கட்டைகளை உள்ளே தள்ளினான். பொசுங்கிய மயிரின் நாற்றம் அவன் உடம்போடு ஊறிப்போனது. தின்னும் ரொட்டியிலும் அதே வாடைதான். மாடுகள் கத்திய கத்தலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

குதிரைக்காரன் கன்றின் காலில் சுருக்கு வீசித் தீயருகே இழுத்து வருவான். அது எந்தத் தாயின் பின்னால் ஓடியதோ, அந்தத் தாயின் முத்திரையை உரக்கச் சொல்வான். சொன்ன முத்திரையைக் கன்றின் தொடையில் போடுவது எலிசியோவின் வேலை. இந்தச் சமவெளியில் கோர்ட்டு கச்சேரி எல்லாமே அந்தக் குரல்தான். அதில் பொய் சொன்னவனுக்கு எந்த முகாமிலும் ஒரு குவளை காப்பி கிடைக்காது.

அந்தக் குரலில்தான் இன்று பொய் கலக்கச் சொல்லியிருந்தார் பண்ணைக் கம்பெனியின் மானேஜர் ஹார்கோர்ட். வெண்டல் புரூயிட்டின் பசுக்கள் பின்னால் வரும் கன்றுகளுக்கும் கம்பெனி முத்திரையே போட வேண்டுமாம்.

மீசை முளைக்காத வயதில் தெற்கேயிருந்து மாடோட்டி வந்தவன் வெண்டல். பிறத்தியார் மாட்டின் பின்னால் புழுதி தின்றே நாற்பதைத் தொட்டவன். பழைய முதலாளி கூலிக்குப் பதில் கிழட்டுப் பசுக்களைக் கொடுப்பார். அவற்றைப் பெருக்கி, சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியின் வடிவில் தனக்கென்று ஒரு முத்திரை வைத்துக்கொண்டான். லவீனியாவைக் கட்டினான், மண்கட்டி அடுக்கி வீடு கட்டினான், இரண்டு பெண்பிள்ளைகள். அப்புறம்தான் கம்பெனி வந்து பண்ணையை வாங்கியது. கூலியைக் குறைத்தது. கூலிக்காரன் சொந்தமாக மாடு வைக்கக் கூடாது என்றது.

"புல்லு என்ன உங்கப்பன் வெதச்சதா?" என்று ஹார்கோர்ட்டைப் பார்த்துச் சிரித்தான் வெண்டல்.

சிரித்தவனைத்தான் வெள்ளம் சுழித்தோடும் ஆற்றில் மந்தையை இறக்கச் சொன்னார் ஹார்கோர்ட். வடியட்டும் என்று எல்லாரும் கெஞ்சினார்கள். மாடேற்றும் ரயில் காத்திருக்காது என்றார் அவர். நடு ஆற்றில் மாடுகள் மிரண்டு வட்டமடிக்கத் தொடங்கின. அந்த வட்டத்தை உடைக்காவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. வெண்டல் குதிரையை உள்ளே விட்டான். வட்டம் உடைந்தது. மாடுகள் கரையேறின. அவன் ஏறவில்லை. ஆளைத் தேடுமுன் மாட்டை எண்ணச் சொன்னாரே அந்த மனுஷர், அதை எலிசியோ இன்றும் மறக்கவில்லை.

காலையிலேயே லவீனியா வந்து, புருஷனின் சூட்டுக்கோலைத் தீயில் சொருகிவிட்டுச் சமையல் வண்டியருகே நின்றாள். அந்தக் கன்றுகள் போனால் அவளும் பிள்ளைகளும் பிச்சைதான் எடுக்க வேண்டும்.

குதிரைக்காரன் ஒபதையா முதல் கன்றை இழுத்து வந்தான். அங்கவடி போட்ட பசு கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தது.

"கம்பெனின்னு சொல்லு" என்றார் ஹார்கோர்ட்.

"தாய் இந்தா நிக்குதே தொர. கண்ணு தெரியலைங்களா?"

"வெண்டல் செத்துட்டான்."

"அவன் செத்தான். பசு சாகலையே" என்றான் ஒபதையா. பிறகு ஆற்றங்கரை முழுக்கக் கேட்கும்படி, "அங்கவடி!" என்று சொன்னான்.

எலிசியோவின் கை கம்பெனிக் கோலுக்கும் வெண்டலின் கோலுக்கும் நடுவே நின்றது. பயம் இல்லாமலில்லை. கம்பெனி விரட்டியவனை எந்தப் பண்ணையும் வாசலில் சேர்க்காது. வெண்டலின் கோலை எடுத்தான்.

"அதத் தொட்டா இன்னியோட நீ வேலைக்கு இல்ல" என்றார் ஹார்கோர்ட்.

"தொட்டாச்சே தொர."

கோல் தொடையில் பதிந்தது. புகை எழுந்தது. ஹார்கோர்ட்டின் முகம் சிவந்துவிட்டது.

"குதிரையெல்லாம் கம்பெனிக் குதிரை. இவன் பக்கம் நிக்கிறவன் இறங்கிக்கலாம்."

குதிரை இல்லாத மாட்டுக்காரன் செத்த பிணத்துக்குச் சமம். வெட்டவெளியில் வளர்ந்த மாடு குதிரைக்காரனுக்கு விலகும். நடப்பவனைக் கண்டால் குத்தித் தூக்கும். யாரும் அசையவில்லை.

ஒபதையா இறங்கினான். சேணம் மட்டும் அவனுடையது. அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குதிரையைத் தட்டி அனுப்பினான். அடுத்து ஒருவன். பிறகு மூன்று பேர் சேர்ந்தாற்போல. கடைசியாக, தன் முதலாளியின் மாடுகளைப் பிரித்துப் போக வந்திருந்த பக்கத்துப் பண்ணை ஆள் லேஃப் இறங்கினான். காலையிலிருந்து எவனோடும் பேசாதவன்.

"நீ வேற பண்ணை. உனக்கென்னடா இதுல?" என்றார் ஹார்கோர்ட்.

"எங்க பக்கமும் ஆறு ஓடுது தொர. நாளைக்கு என்னையும் எறங்கச் சொல்லுவாங்க."

ஹார்கோர்ட் குதிரையைத் திருப்பினார். கம்பெனியின் துப்பாக்கிக்காரர்களை அழைக்கத்தான் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

"எனக்காக வேணாம்ண்ணே, ஆளக் கூட்டியாந்துருவான்" என்றாள் லவீனியா.

"வரட்டும் தங்கச்சி. அவன் வர்றதுக்குள்ள எத்தன முடியுதோ முடிப்போம்" என்றான் எலிசியோ.

கம்பெனிக் கன்று ஒன்றையும் அன்று அவர்கள் தொடவில்லை. அங்கவடிப் பசுக்களை மட்டும் தேடி, கயிற்றைத் தோளில் போட்டு, கொம்புகளுக்கு நடுவே தோளோடு தோள் ஒட்டி நடந்து போனார்கள்.