லீவுக்காரி

பொது விடுமுறை நாட்களிலும் கடைகளைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தபின் வந்த முதல் விடுமுறையன்று, நாற்சந்திப் பெரிய கடையின் மூன்றாவது கல்லாவில் பில் போடுகிறவள் நாள் முழுக்கக் கடையிலும் இருந்தாள், வீட்டிலும் இருந்தாள். கடையில் இருந்ததை அன்றைக்கு அவளிடம் பில் போட்டுக்கொண்ட அத்தனை பேரும் பார்த்தார்கள். வீட்டில் இருந்ததற்குப் பக்கத்து வீட்டு அத்தை சாட்சி. கொல்லையில் துணி உலர்த்தியபடியே இருவரும் ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்திருக்கிறார்கள். கடையில் இருந்தவளுக்கு விஷயம் சாயங்காலம்தான் தெரிந்தது. கதவைத் திறந்த மகளின் தலையில், அவசரக் காலைகளில் ஒருநாளும் வாய்க்காத அழகான ரெட்டைச் சடை. "யாருடி பின்னிவிட்டா?" என்று கேட்டாள். "நீதான்" என்றது குழந்தை. கேள்வியே அதற்கு விசித்திரமாக இருந்தது.

உத்தரவு வருவதற்கு முன் ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. வாரம் பூராவும் வேலைக்குப் போகிறவன் ஒரு வாளி வாங்குவதென்றால் லீவு நாளில்தானே வாங்க முடியும் என்றார்கள் வியாபாரிகள். வாளி விற்கிறவளுக்கும் வீடு வாசல் உண்டு என்றார்கள் சங்கத்துக்காரர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால் சண்டை லேசில் ஓயவில்லை. ஓய்த்து வைத்தது இந்த இரட்டைதான். மூன்றாவது கல்லாவில் மட்டுமல்ல, செருப்புப் பிரிவு, பாத்திரப் பிரிவு, வாசல் காவலாளி என்று விடுமுறையில் வேலைக்கு வந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அவரவரே சாவகாசமாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஊர் அவர்களுக்கு லீவுக்காரர்கள் என்று பெயர் வைத்தது. கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, கரண்ட் போவதற்குப் பழகுவதுபோல் பழகியும் விட்டது. தன் வீட்டுக்கு வருகிற லீவுக்காரர் எரிந்து விழுவதே இல்லை, இவரையே எல்லா நாளும் அனுப்பி வைக்க முடியுமா என்று காவலாளியின் மனைவி கடைக்கே வந்து விசாரித்தாள். கடைக்கும் ஆள் இருக்கிறது, வீட்டுக்கும் ஆள் இருக்கிறது, அப்புறம் யாருக்கு என்ன குறை என்று கேட்டார் முதலாளி. சங்கத்துக்காரர்கள் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

குறை மூணாங்கல்லாவுக்கு இருந்தது. கடையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவன் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகளை அத்தையிடம் விட்டுவிட்டு இந்தக் கல்லாவுக்கு வந்தவள். மகளோடு முழு நாளாக அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பொது விடுமுறைகள்தான். வார ஓய்வு சுழற்சி முறையில் வரும், அன்றைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும். இப்போது விடுமுறைகள் அவளுக்கு நடந்தன, ஆனால் அவளுக்குத் தெரியாமல் நடந்தன. லீவுக்காரிக்கு வாய்த்தது எதுவும் இவள் நினைவில் ஒட்டவில்லை. சாயங்காலம் செருப்பைக் கழற்றியதும் மகளை உட்கார வைத்து, இன்றைக்கு நான் என்ன செய்தேன், என்ன சமைத்தேன், எதற்குச் சிரித்தேன் என்று கேட்பாள். சின்ன வயதில் மகள் கைகால் ஆட்டி நடித்தே காட்டினாள். வளர வளர, "எப்பவும்போலத்தாம்மா" என்று முடித்துக்கொண்டாள். ஒருமுறையாவது லீவுக்காரியை நேரில் பிடித்துவிட வேண்டும் என்று மூணாங்கல்லா சாப்பாட்டு இடைவேளையில் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடிப் பார்த்தாள். அவள் தெருமுனை திரும்பும்போதே அங்கே ஆள் இருக்காது, நாற்காலி மட்டும் சூடாக இருக்கும். விடுமுறையன்று லீவு கேட்டும் பார்த்தாள். "வீட்டுலதானே இருக்கீங்க அக்கா, அப்புறம் எதுக்கு லீவு?" என்றார் சூப்பர்வைசர். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தன்மேலேயே பொறாமைப்பட்டு வயிறு எரிந்தவள் அந்த ஊரில் அவளாகத்தான் இருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற வருஷம், ஒரு விடுமுறையன்று, வரிசை வாசல் வரை நீண்டிருந்த நேரத்தில், அவள் கையில் ஒரு பென்சில் டப்பாவோடு மூன்றாவது கல்லா முன்னால் வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர்களுக்கு அவரவர் கல்லாவில் பில் போடக் கூடாது, பக்கத்துக் கல்லாவுக்கு அனுப்பிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் கைக்குப் பழகிப்போனதில், வந்தது மகள் என்று கண்டதுமே, முகம் வாடியிருப்பதைக் கவனிக்கும் முன்பே, மூணாங்கல்லா டப்பாவை நகர்த்திவிட்டாள்.

"நாலாவது கல்லாவுக்குப் போம்மா."

"பில்லுக்கு வரலம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

பின்னால் இரண்டு பேர் உச்சுக்கொட்டினார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் மூணாங்கல்லாவின் வாயில் அந்த வார்த்தை வந்தது.

"நான் வீட்டுலதான இருக்கேன், அங்க போய்ச் சொல்லு."

மகள் போனாள், சொன்னாள். ராத்திரி சாப்பாட்டில் மூணாங்கல்லா அது என்ன என்று கேட்டபோது, "உன்கிட்டதான் சொன்னேனே" என்றாள். கெஞ்சிப் பார்த்தும், கோபித்துப் பார்த்தும், "நீ அழக்கூட செஞ்சே, அவ்வளவுதான்" என்பதற்கு மேல் பெயரவில்லை. மறுநாளும் கேட்டாள், மறுமாதமும் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள், நினைப்பதை விட முடியவில்லை. என்னவோ ஒன்று மகளுக்கு நடந்திருக்கிறது, அதற்குத் தான் அழுதிருக்கிறோம், அது என்னவென்று தனக்குத் தெரியாது. பில் போடுகிற கையோடு அவள் மனசு அதையே துழாவிக்கொண்டிருந்தது. உத்தரவை நீட்டிக்கலாமா என்று விசாரிக்க ஓர் அதிகாரி வந்து, இதனால் யாருக்காவது நஷ்டம் உண்டா என்று கேட்ட கூட்டத்தில் அவள் ஒருத்திதான் எழுந்தாள்.

"என்ன நஷ்டம்மா?"

"என்னன்னு தெரியலைங்க."

கூட்டம் சிரித்தது. உத்தரவு நீட்டிக்கப்பட்டது. மகள் படிப்பை முடித்து இன்னோர் ஊரில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு பெரிய கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கணக்குப் பிரிவு, விடுமுறையெல்லாம் உண்டு என்று போனில் சொன்னாள். புறப்பட்டதும் ஒரு விடுமுறை நாளில்தான். பஸ் ஏற்றிவிட்டது லீவுக்காரி.

அதற்குப் பிறகு விடுமுறைகளில் லீவுக்காரி வெறும் வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக அத்தை சொன்னாள். பேச்சுக் கொடுத்தால் ம் என்பாளாம், அத்தோடு சரி. அப்படி எத்தனையோ விடுமுறைகள் போயின. ஒருநாள் மூணாங்கல்லா தலை நிமிர்ந்தபோது வரிசையில் மூன்று பேர் தள்ளி அவள் நின்றிருந்தாள். கையில் சாமான் எதுவும் இல்லை. வரிசையில் இருந்தவர்கள் இவளையும் அவளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் போனுக்குத் திரும்பினார்கள். முறை வந்ததும் லீவுக்காரி கல்லாமேல் கை ஊன்றிக்கொண்டாள்.

"மக இருந்த வரைக்கும் வீட்டை விட்டு வர முடியல. இப்ப அங்க யாருக்காக உட்காந்திருக்கேன்? அன்னைக்கு அவ சொன்னது உனக்குச் சொன்னது. எங்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு, குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன சொன்னா?"

"நீ என்னை நல்லாத்தான் பாத்துக்கற, ஆனா எனக்கு நீ வேண்டாம், அவதான் வேணும்னா. பாதிப் பேச்சுல தூங்கி விழுவாளே, அவ. ஒரே ஒரு லீவு நாள் அவ பக்கத்துல உட்காந்திருந்தாப் போதும்னா. அதைச் சொல்லத்தான் கடைக்குப் போனேன், உங்கிட்டயே போய்ச் சொல்லச் சொல்லிட்டான்னு அழுதா. நானும் அழுதேன். வேற என்ன பண்றது?"

 மூணாங்கல்லா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி லீவுக்காரிக்கு மாட்டிவிட்டு எழுந்தாள். லீவுக்காரி உட்கார்ந்து அடுத்த ஆளின் சாமானை இழுத்தாள். கை அதே கை என்பதால் வேலை புதிதாக இல்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், மூன்றாவது கல்லா ஓடிக்கொண்டிருந்தது, போய்விட்டார்.

கடைச் சீருடையோடு பஸ் ஏறியவள் மத்தியானம் தாண்டி மகளின் ஊரில் இறங்கி, விசாரித்து விசாரித்து அவள் குடியிருந்த மாடி வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவள் "வாம்மா" என்று வாய் நிறையச் சிரித்தாள். தலை ஈரமாக இருந்தது, வீட்டுக்குள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, முகத்தில் அலுப்பு என்பது மருந்துக்கும் இல்லை. இவள் எந்த மகள் என்று தெரிந்துகொள்ளப் பெற்றவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"அவ எங்க?"

லீவுக்கார மகள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "கடையிலம்மா. கல்லாவுக்கு ஆள் இல்லன்னு போன வருஷம் அங்க மாத்திட்டாங்க. நீ வருத்தப்படுவேன்னு சொல்லல. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, நீலப் போர்டு."

கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம். குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மூணாங்கல்லா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வரிசை இந்தப் பக்கமிருந்து பார்த்தால் இவ்வளவு மெதுவாக நகரும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. முறை வந்தபோது மகள் தலை நிமிராமலே கையை நீட்டினாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"பொருளைக் குடுங்க."

"ஒண்ணும் வாங்கலடி."

மகள் நிமிர்ந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த அம்மா என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. அவள் ஸ்டூலில் ஓரமாக நகர்ந்து பாதி இடம் விட்டாள். மூணாங்கல்லா கல்லாவைச் சுற்றி உள்ளே போய் அந்தப் பாதியில் உட்கார்ந்தாள், மகளின் தோள் மேல் சாய்ந்தாள், வழியெல்லாம் நின்றுகொண்டே வந்த அலுப்பில் பேச வந்ததைப் பாதியில் விட்டுத் தூங்கியும் போனாள். மகள் ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பில் போட்டாள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. அன்றைக்கு விடுமுறை என்பதால் வரிசையில் யாருக்கும் பெரிய அவசரம் இல்லை.