கோகிலவாணியின் காவல்காரர்

அந்த ஊரில் ஒவ்வொருவருடைய நோய் எதிர்ப்புச் சக்தியும் அவரவர் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும். கோகிலவாணியுடையது நரைத்த மீசை வைத்த ஒல்லியான ஆள். காக்கிச் சட்டை, கையில் பிரம்பு. பெயர் மாரப்பன். அவள் பிறந்த அன்று வேலைக்குச் சேர்ந்தவர்.

ஆடி மாதம் வந்த காய்ச்சலை விரட்டியதில் மாரப்பன் துவண்டுபோனார். சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்து அவருக்கு இரண்டு வேளை கொடு என்று அக்கா நாகமணி சொல்லிவிட்டுப் போனாள். பத்து நாளில் அவர் முதுகு நிமிர்ந்தது. அதன் பிறகும் கோகிலவாணி கஷாயத்தை நிறுத்தவில்லை. விரட்டுவதற்கு வெளியாள் யாரும் வராததால் அவர் வீட்டு ஆட்களைச் சோதிக்கத் தொடங்கினார். வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான்.

ஒரு காலை, பனியன் கம்பெனிக்குக் கிளம்பியவளை வாசலில் மறித்தார்.

"இந்த வெரலெல்லாம் யாரோடதுங்க அம்மிணி?"

"என்ரதுதானுங்க."

"நம்பறாப்பல இல்லீங்களே" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, முட்டிக்கு முட்டி ஓர் அடி போட்டார்.

பிறகு தினமும் அதே விசாரணை. ஆதார் அட்டையைக் காட்டினாள். அதில் முகம்தான் இருக்கிறது, விரல் இல்லை என்றார். விரல்கள் வீங்கி, தையல் மெஷினில் துணியை நகர்த்த முடியாமல் போனது. சூப்பர்வைசர் அவளைத் துணியில் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தார். கத்தரியும் பிடிபடவில்லை. இந்த வாரம் பார்ப்போம், அப்புறம் வேறு ஆள்தான் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

அவள் கூட்டிவந்த சித்த வைத்தியர் ஜெயசீலன், அவள் நாடியை விட்டுவிட்டு மாரப்பனின் நாடியைப் பிடித்தார். சீந்தில் அசந்தவரை எழுப்பும், எழுந்து நிற்பவருக்கு ஊற்றினால் இப்படித்தான் என்றார். கஷாயத்தை நிறுத்திவிட்டு, மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்ட பால் கொடுக்கச் சொன்னார். இது மெதுவாகத்தான் கேட்கும் என்றார்.

மூன்றாம் வாரம் மாரப்பன் பிரம்பை மடியில் வைத்தார். அடுத்த வாரம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நம்மூட்டு வெரலுதானுங்க. தப்புப் பண்ணிப்போட்டனுங்க."

"போச்சாதுங்க, விடுங்க."

அவர் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனார். நாற்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனிதர். அவள் எழுப்பவில்லை.

மத்தியானம் ஒரு சளி ரெக்ஸின் பையோடு வந்தது. காவல்காரர் தூங்குவதைப் பார்த்தும் மரியாதையாகக் கதவைத் தட்டியது. ஏழு வீட்டில் துரத்திவிட்டார்கள், கால் கடுக்கிறது, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றது. கோகிலவாணி பாயை விரித்தாள். அதற்குப் பக்கத்திலேயே அவளும் படுக்கலாம் என்றிருந்தாள்.

அதற்குள் வாசலில் சத்தம் கேட்டது. சளிக்கும் ஒரு காவல்காரர் இருந்தார்; அதன் பின்னாலேயே தன் ஸ்டூலைத் தலையில் சுமந்துகொண்டு வந்து நின்றார். அவருக்கும் நிழல் வேண்டுமே என்று அவள் துணிக்கொடியில் கிடந்த சேலையை வெயில் பக்கமாக இழுத்துவிட்டாள்.