பெலிக்ஸுக்கு ஏறிய விஷம்

போன மழைக்காலத்தில் எங்கள் வார்டை ஒரு வீடியோ கேமுக்குள் சேர்த்துவிட்டார்கள். தூத்துக்குடியில் இப்படி ஏற்கெனவே இரண்டு வார்டுகள் இருக்கின்றன. அன்றிலிருந்து தண்ணீர் தினமும் வருகிறது. விஷமும் வருகிறது. விஷம் ஏறியவர் தலைக்கு மேலே மைனஸ் மூன்று என்று பச்சையாக எழும்பும், மங்கும், மறுபடி எழும்பும். ஒவ்வொரு தடவையும் தலைமேல் நிற்கும் உயிர்க்கோடு குறையும். கோடு தீர்ந்தால் ஆள் தீர்ந்தார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் பெலிக்ஸுக்கு எழும்பத் தொடங்கியது. அவர் அந்த வெளிச்சத்தில் பேப்பர் படித்தார்.

மருந்துக்கடை மந்திரவாதி சும்மா விஷமுறிவு தர மாட்டேன் என்றார். விஷம் எதிலிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமாம்: சதுப்பு நிலமா, சிலந்தியா, அம்பா, தின்றதா, அணிந்ததா. மாற்றிக் கொடுத்தால் ஆள் அங்கேயே போய்விடுவாராம்.

பெலிக்ஸின் அக்கா மெட்டில்டா மதினிக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் பக்கம் கையை நீட்டினார்.

"கிளாடிஸ் வச்ச சூரைமீன் குழம்புதான். வேற என்ன?"

ஞாயிறு கோயில் திருவிழா அசனம். ஊருக்கே போடும் அந்தச் சாப்பாட்டுக்கு எப்போதும் நான்தான் குழம்பு வைப்பேன். விஷம் குழம்பிலிருந்துதான் என்று கோயில் கமிட்டி தீர்மானித்தால் கரண்டி மதினி கைக்குப் போகும். அவர் குழம்பில் புளி மட்டும்தான் இருக்கும். உள்ளே கிடக்கும் மீனுக்கே தான் எங்கே கிடக்கிறோம் என்று தெரியாது.

நான் யோசித்தேன். தின்ற விஷம் ஒரே அடி அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், இது வார்டில் எல்லோருக்கும் தெரியும். இவருக்கோ ஓயவே இல்லை. குளிக்கும்போது மட்டும் நின்றது. குளியலறைக் கதவுக்கு மேலே பச்சை வெளிச்சம் வரவில்லை, பாட்டு மட்டும் வந்தது. குளிக்க அவர் கழற்றுவது சட்டை, வேட்டி, அப்புறம் திங்கட்கிழமை பிறந்தநாளுக்கு அக்கா மாட்டிவிட்ட வெள்ளிச் சங்கிலி. சட்டையும் வேட்டியும் தினமும் நான் துவைப்பவை.

கமிட்டி கூடியபோது பெலிக்ஸின் கோடு தீக்குச்சி அளவுக்கு வந்திருந்தது. மதினி புளி எவ்வளவு வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கான்வென்ட் பழக்கம், கையைத் தூக்கிவிட்டுத்தான் எழுந்தேன். போய் பெலிக்ஸின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினேன். எண் நின்றது.

"நல்ல சங்கிலி மதினி. உங்களுக்குத்தான் இன்னும் எடுப்பா இருக்கும்" என்று அவர் கழுத்தில் மாட்டினேன்.

மைனஸ் மூன்று. கமிட்டி முகங்களெல்லாம் பச்சையாயின.

"கடைக்காரன் தள்ளுபடியில குடுத்தான் ஏட்டி" என்றார் மதினி, மெதுவாக.

இன்னொன்று எழும்பட்டும் என்று விட்டுத்தான் கழற்றினேன்.

மந்திரவாதி இருவருக்கும் சரியான முறிவைக் கொடுத்தார். பெலிக்ஸின் கோடு நிறைந்தது. கரண்டி என்னிடமே இருந்தது. மதினியை வெங்காயம் உரிக்கப் போடச் சொன்னேன், போட்டார்கள்.

ஞாயிறன்று முதல் பந்திக்கு, கேமுக்குள் சேர்ந்ததிலிருந்து நடமாடும் கோயில் மணிக்கூண்டு இறங்கி வந்து உட்கார்ந்தது. இரண்டு இலை சேர்த்துப் போட்டேன். மூன்று தடவை குழம்பு கேட்டு வாங்கியது. நான்காவது தடவை, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், எழுந்திரு என்றேன். எழுந்து கை கழுவப் போனது.