வயிற்றுக்குள் சுண்ணாம்பு

எண்பத்தெட்டாம் வருஷம் வேம்புலியின் வயிற்றை எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அவனுடைய அண்ணன் அய்யாசாமி, அயனம்பாக்கத்தில் அவர்கள் தெருவே கேட்க ஒரு வார்த்தை சொன்னான்: சுண்ணாம்பு. அன்றிலிருந்து நாகவல்லியின் தலை உருள ஆரம்பித்தது.

பின்னே? பாடியிலிருக்கிற தொழிற்சாலைக்குப் போகிற புருஷனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை மடித்துக் கொடுத்தவள் அவள்தானே. மெஷின் முன்னால் பீடி பிடிக்க விடமாட்டார்கள். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் சூப்பர்வைசருக்குத் தெரியாது. ஷிப்டு முடியும்வரை காரம் நிற்கட்டும் என்று சுண்ணாம்பைத் தாராளமாகவே தடவுவாள். அந்தத் தாராளம்தான் இப்போது குற்றமாகிவிட்டது. புருஷன் வயிற்றை வேகவைத்தவள் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். வேம்புலி அவள் கையால் கஞ்சி வாங்குவதையே நிறுத்திவிட்டான். அய்யாசாமியின் பெண்டாட்டி முனியம்மா வந்து ஊட்ட வேண்டும். நாகவல்லியும் அதை நம்பினாள், அதுதான் கொடுமை.

அய்யாசாமிக்கு ஒழியாத ஒரு நாள், வலி மாத்திரை வாங்க அவளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். வயிற்றிலிருக்கிற சுண்ணாம்பை எப்படிக் கரைப்பது என்று டாக்டரிடம் அழுதுகொண்டே கேட்டாள். அவர் முழித்தார். அது புற்றுநோய், முற்றிவிட்டது என்றார். கட்டிக்குள்ளேயே சுண்ணாம்புச் சத்து இப்படித் தானாகப் படிவது அபூர்வம், வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். அண்ணனிடம் அன்றைக்கே எல்லாம் சொல்லியாகிவிட்டதாம்.

பாவி! அய்யாசாமியை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்தாள். ஆனால் கேட்டால் விஷயம் புருஷன் காதுக்குப் போகும், மனசு உடைந்து போவான். இருக்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கட்டும், பழி என்னோடு போகட்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

"கரைஞ்சிடுமாம்யா," என்றாள் வந்ததும். "நான் பண்ண தப்புதான்."

வேம்புலி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கேன்சருன்னு டாக்டரு சொல்லலியா? அண்ணன் எங்கிட்ட அப்பவே சொல்லிச்சே."

"அப்போ எதுக்குய்யா எம்மேல பழி போட்டே?"

"நான் சாவப்போறேன். நீ குத்துக்கல்லாட்டம் கீறே. பொறுக்கல."

மாத்திரையைத் தலைமாட்டில் வைத்தாள். தண்ணீரை நீயே எடுத்துக் குடி என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.