ஜாடியில் பச்சை இழை

சேற்றில் பிளாஸ்டிக் தேடுவதுதான் என் பிழைப்பு. சலித்து, வடிகட்டி, நுண்ணோக்கியில் வைத்து, அகப்படுகிற இழை எந்த வகை என்று கருவியில் ஒளி பாய்ச்சிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

அராபா அக்கா மீனைப் புகையில் வாட்டி விற்பவள். அவள் ஊர்க் கழிமுகத்தில் வலைநூல் ஆலை கழிவை விட்டது. மீன் அற்றுப்போய், அக்கா ஆலைமேல் வழக்குப் போட்டாள். எங்கள் ஆய்வகம் அலசிக் கொடுத்த கண்ணாடி ஜாடிகளில் அவளே சேறு அள்ளி வந்தாள். அடுத்த வாரமே ஆலைக்காரர்கள் கழிமுகத்தைத் தூர்வாரி, தடயத்தைத் துடைத்துவிட்டார்கள், பாவிகள். மிஞ்சிய சாட்சி அந்த ஜாடிகள்தான்.

சேற்றில் பச்சை இழைகள் கொத்துக்கொத்தாக இருந்தன. கருவி நைலான் என்றது. ஆலை நூற்பதும் பச்சை நைலான்தான். வசமாக மாட்டிக்கொண்டார்கள் என்று துள்ளிக் குதித்தேன்.

சேறு போடாமல் திரும்பி வருகிற ஜாடி ஒன்றையும் அலசிப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. ஆனால் அதிலும் அதே பச்சை இழை. அப்படியானால் இழை சேற்றிலிருந்துதான் வந்தது என்று சொல்லமுடியாது.

மறுநாள் அக்கா எனக்குப் புளித்த சோளமாவில் அவித்த கெங்கே உருண்டையும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள்.

"அக்கா, ஜாடியை என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணுவேன்? சேறு அள்ளுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நல்லாத் தேய்ச்சுக் கழுவினேன். அடியில தண்ணி கிடந்துச்சு. படிச்ச புள்ளைங்களுக்கு ஒரு ஜாடி கழுவத் துப்பில்லைன்னு கடலோரமே சிரிச்சுது, போ!"

"எதால தேய்ச்சீங்க?"

"வேற எதால? சப்போவாலதான். புதுசு, பச்சைக் கலரு."

உடம்பு தேய்க்கவும் பாத்திரம் துலக்கவும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தொங்குகிற நைலான் வலை அது. அதன் இழைக்கும் ஆலை இழைக்கும் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. தலையில் கைவைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "காலி ஜாடி சங்கதி உனக்கும் எனக்கும்தானேம்மா தெரியும்? விட்டுடேன்."

"அவங்க வக்கீல் முதல்ல அதைத்தான் கேப்பான். கேக்காட்டியும் என்னால முடியாதுக்கா."

சொல்லும்போதே வாய் கசந்தது. ஆலைதான் குற்றவாளி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அறிக்கையில் எழுதியதோ, 'உறுதிப்படுத்த இயலவில்லை' என்றுதான். வழக்கு தள்ளுபடியானது.

நீதிமன்ற வாசலில் அக்கா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

"ஜாடி சுத்தமா இருக்கணும், அதுதான் முக்கியம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்தாங்கம்மா," என்றாள். "அதான் அவ்வளவு அழுத்தித் தேய்ச்சேன்."