இரண்டு தொட்டிப் புழுக்கள்

காலையில் ஈரச் சாக்கைத் தூக்கினால், மூன்றாவது மண்புழு எருத் தொட்டியின் விளிம்பெல்லாம் தடித்த, வெளிறிய புழுக்கள் ஏறிக் கிடந்தன. சில சிமெண்டுத் தரையில் விழுந்து செத்தும் போயிருந்தன. நான்காவது தொட்டியிலும் அதே கதைதான். கையை விட்டுக் கிளறினேன். மக்கிய சாணிக்குள் கொத்துக் கொத்தாக நெளிய வேண்டிய என் சிவப்புப் புழுக்களில் ஒன்றுகூட இல்லை.

இவை தோட்டத்துப் புழுக்கள். குளிர்ந்த மண்ணுக்குள் ஆழமாகத் துளை போட்டு, அந்த மண்ணையே தின்று வாழ்கிறவை. எருவில் போட்டால் தாங்காமல் வெளியே ஓடும். சிவப்புப் புழுவுக்கு ஆழமே ஆகாது. மேலாக அழுகும் குப்பை, ஈரம், இருட்டு, கொஞ்சம் காற்று இருந்தால் பெருகிக்கொண்டே போகும். யாரோ என் எலுமிச்சை மரத்தடியைத் தோண்டி, கிடைத்ததை அள்ளிவந்து இங்கே கொட்டியிருக்கிறார்கள். புழு என்றால் புழுதானே என்ற நினைப்பு.

யாரோ என்ன யாரோ? கொட்டகைச் சாவி என்னிடமும் என் தங்கையிடமும்தான் இருக்கிறது. நேற்று முழுக்க நான் கண் ஆஸ்பத்திரியில் இருந்தேன். "நீ நிம்மதியா போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். எருவை மூட்டை கட்டுவதும் வாங்க வருகிறவர்களிடம் பேசுவதும் அவள் வேலை. புழு என்றால் அருவருப்பு, கிட்டவே வர மாட்டாள். ஆறு வருஷத்தில் முதல் முறையாக நேற்றுத்தான் தொட்டிருக்கிறாள், அதுவும் எனக்குத் தெரியாமல் அள்ளிக்கொண்டு போக. தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்று கேட்டிருந்தால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேனே.

உயிரோடு இருந்தவற்றை ஒரு வாளியில் பொறுக்கிக்கொண்டு எலுமிச்சை மரத்தடிக்குப் போனேன். ஒவ்வொன்றாக மண்ணில் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். எங்க பக்கத்து வீட்டம்மா புதுசா புழு வளக்குறாங்க. எல்லாம் மேல ஏறி ஓடுதாம். என்ன பண்ணணும்?"

"எத்தனை தொட்டி?"

"ரெண்டு."

"சாணி ஆறினதா, புதுசா?"

"இன்னைக்கு காலையில போட்டதுதான். ஏன், அதுல என்ன?"

புதுச் சாணி உள்ளுக்குள் சூடேறும். மதியத்துக்குள் ஆறின எருவுக்கு மாற்றாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், என் கையால் வளர்ந்த அத்தனையும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பக்கத்து வீட்டம்மா என்று அவள் கொஞ்சமும் தடுமாறாமல் சொன்ன பிறகு, அந்த வாக்கியத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

"அக்கா? லைன்ல இருக்கியா?"

கடைசியாக விட்ட புழு பாதி உடம்பை மண்ணுக்குள் நுழைத்திருந்தது. மீதிப் பாதி வெயிலில் கிடந்தது. போனைக் காதில் வைத்தபடியே, அதன்மேல் என் நிழல் விழும்படி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.