சுவரைப் பார்த்துத் தின்ற தக்காளி

என் வீட்டுக்காரருக்கு ‘நல்லாருக்கு மாமா’ என்று பெயர் வைத்தது என் தம்பி பிள்ளைகள். உப்பே போடாத சூப்பைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். கருகிப்போன ரொட்டியைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்பார். அப்படிப்பட்ட மனுஷனின் நாக்கை நம்பி நான் தக்காளி வளர்த்தேன் பாருங்கள், என் புத்தியை எதால் அடிப்பது?

எனக்கு வேறு வழி இல்லை. ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. மிளகாயைக் கடித்தால் எரியும், அவ்வளவுதான். என் தொழிலோ பழைய தக்காளி ரகங்களைக் கலந்து புது ரகம் உண்டாக்குவது. பூ விரிவதற்கு முன்பே இடுக்கியால் அதன் மகரந்தத்தை எடுத்துவிட்டு, இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, காம்பில் கலர் நூல் கட்டுவேன். அந்தக் காயின் விதையைப் போட்டு, செடியாக்கி, பழுத்ததும் நறுக்கி இவரிடம் நீட்டுவேன். எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். எதை வைப்பது, எதைப் பிடுங்கி எறிவது என்பதெல்லாம் அவர் சொல்வதில்தான் இருந்தது. “தக்காளி விஷயத்துல மட்டும் பொய் சொன்னீங்கன்னா கொன்னுடுவேன்” என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தேன். சிலவற்றுக்கு “சுமார்தான்” என்றும் சொன்னார். அதனால் நம்பித் தொலைத்தேன்.

அப்படித் தேறியதுதான் மகாராணி. ஒரு வெடிப்பு இல்லாமல், உருண்டையாக, பளபளவென்று இருக்கும். கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. நான் செடி வளர்த்த பசுமைக்குடில் இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர் வீடு கட்டக் கேட்டுவிட்டார். இந்த வாரத்தோடு காலி செய்ய வேண்டும். விதைக் கம்பெனி மேடம் மகாராணியை எடுத்துக்கொண்டால் அது பிழைக்கும். இல்லையென்றால் நான் செய்தது அத்தனையும் புல்டோசருக்கு.

மேடம் இன்று காலை இரண்டு பேரோடு வந்தார். எங்கள் சமையலறை மேஜையில் வெள்ளைத் தட்டுகளை வைத்து, என்னை வெளியே நிற்கச் சொன்னார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு துண்டு, ஒரு வாய் தண்ணீர், ஒரு கடி ரொட்டி, மறுபடி ஒரு துண்டு. ஒருவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

கூப்பிட்டார்கள். போனேன்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்றார் மேடம். “ரெண்டு தட்டுல உங்களோடது வச்சோம். ஒரு தட்டுல நான் வர்ற வழியில கடையில வாங்கினது. எது எதுன்னு எங்க மூணு பேருக்குமே தெரியல.”

“அதெப்படிங்க?”

“பார்க்க அழகா இருக்கு. வாயில போட்டா வெறும் தண்ணி.”

வெறும் தண்ணி. ஐந்து வருஷம் முதுகு ஒடிய உழைத்து நான் தண்ணீர் வளர்த்திருக்கிறேன். அவர்கள் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே போனார்கள். மேடம் வாசலில் நின்று யாரிடமோ போனில் பேச ஆரம்பித்தார். நான் இவர் பக்கம் திரும்பினேன். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

“தேன் மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே, எந்த வாயால சொன்னீங்க?”

“நீ அதை வெட்டும்போது உன் மூஞ்சியைப் பார்த்தேன்மா,” என்றார். “காய்ச்சலுக்கு அப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சே. எப்படி நல்லா இல்லைன்னு சொல்றது?”

“அப்போ சுமார்னு சொன்னது?”

“நீ மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே நீட்டினதை எல்லாம் சுமார்னு சொன்னேன்.”

அழகாக இருந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். அவர் அதை ருசி என்றார். நான் அதை நம்பி வளர்த்தேன். “பாவி மனுஷா! நீ தக்காளியைத் தின்னவே இல்ல, என் மூஞ்சியைத் தின்னிருக்க!” என்று கத்தினேன். கையில் கிடைத்த ரொட்டியை எடுத்து அவர் மேல் எறிந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் ரொட்டியைப் பொறுக்கி மேஜைமேல் வைத்தார். “குடில்ல தொட்டிக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

“என்ன ஒண்ணு?”

“நீ பிடுங்கச் சொன்னியே, வெடிச்சு வெடிச்சு அசிங்கமா காய்க்குமே. நான் பிடுங்கல. தினம் போய்த் தின்னுட்டு வருவேன்.”

எலி தின்கிறது என்று அங்கே நான் பொறி வைத்திருந்தேன்!

குடிலுக்கு ஓடினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவரோரமாக, கோணல்மாணலாக அந்தச் செடி நின்றது. கீழே காம்புகள் கிடந்தன. மேலே பூவும் பிஞ்சும். பழம் ஒன்றே ஒன்று, காம்பைச் சுற்றி வெடித்து, பாதி கறுத்து, ஓர் ஓரத்தில் எறும்பு. வாசலில் மேடம் இன்னும் போனில் பேசுவது கேட்டது. பழத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. இதையும் இவர் என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறாரோ? அந்த அம்மா முன்னால் இன்னொரு தரம் “வெறும் தண்ணி” என்று கேட்க என்னால் முடியாது.

“திரும்புங்க,” என்றேன், பின்னாலேயே ஓடிவந்த இவரிடம்.

“என்னது?”

“சுவரைப் பார்த்து நில்லுங்க. என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. ஒரு கடிதான். மிச்சம் மேடத்துக்கு.”

திரும்பி நின்றார். எறும்பை ஊதிவிட்டு, பழத்தை அவர் தோளுக்கு மேலாக நீட்டினேன். வாங்கிக் கடித்தார். காத்திருந்தேன்.

“எப்படி இருக்கு?”

முதுகு மட்டும் குனிந்தது. முழங்கை வழியாகச் சாறு சொட்டியது. உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“உங்களைத்தான் கேட்கிறேன்! எப்படி இருக்கு?”

திரும்பினார். மோவாயெல்லாம் விதை. கண் கலங்கியிருந்தது. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையில் வெறும் காம்பு.

“ஐயையோ,” என்றார்.

வாசலில் மேடத்தின் கார் கிளம்பிப் போனது.

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் ஒரு சாப்பாட்டைப் பற்றி உண்மை சொன்னது அப்போதுதான். அவர் கையைப் பிடித்து இழுத்து, விரலில் வழிந்த சாற்றை நக்கிப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி நக்கினேன். ஒன்றுமே இல்லை. என் கையால் உண்டாக்கியது, அதன் ருசி உலகத்தில் எனக்கு மட்டும் தெரியப்போவதில்லை. அவர் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். தக்காளியின் பக்கக் கிளையை ஒடித்துத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும். அதே செடி மறுபடி வரும். ஒவ்வொன்றாக ஒடித்தேன்.

“இதையெல்லாம் எங்கேம்மா வைக்கிறது?”

“நம்ம படுக்கிற ரூம் ஜன்னல்ல. போய் டம்ளர்ல தண்ணி கொண்டாங்க. முதல் பழம் அந்த மேடத்துக்கு.”

“சரி.”

“உங்களுக்கு இனிமே சுவரைப் பார்த்துத்தான் சாப்பாடு.”

அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார்.